அக்காவின் கைக்கட்டு

எங்கள் அக்காவுக்கு எல்லாமே இடது கைதான். வீடு கூட்டுவது, கோலம் போடுவது, என்னை அடிப்பது எல்லாம். சோறு மட்டும் சின்ன வயதிலேயே அடி வாங்கி வலது கைக்கு மாறியிருந்தது. பினாங்கில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளில் அவளுக்குப் 'பீச்சாங்கைக்காரி' என்றே பேர்.

முதலில் ஜெலுத்தோங்கிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அக்கா பழக்கதோஷத்தில் இடது கையால் கோப்பியை நீட்டிவிட்டாள். அதைத் தொடாமலே எழுந்து போனார்கள். "இந்தக் கை விளக்கேத்துனா வீடு விளங்குமா?" என்று வாசலில் ஒருத்தி சொன்னது அடுப்படி வரை கேட்டது. அக்கா அழவில்லை. சுத்தமாக இருந்த பாத்திரங்களை எடுத்துப் போட்டு மறுபடி தேய்த்தாள்.

அடுத்து சுங்கை பினாங்கிலிருந்து ஒரு குடும்பம் வருவதாகச் சேதி வந்ததும் அம்மா ஒரு காரியம் செய்தாள். அக்காவின் இடது கையில் மஞ்சளை அப்பி, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினாள். யாராவது கேட்டால் ரசம் கொட்டிவிட்டது. நான் வாயைத் திறக்காவிட்டால் எனக்குச் சர்பத் ஊற்றிய ஐஸ் உருண்டை. ஏழு வயதுக்காரிக்கு அது நியாயமாகவே பட்டது.

கை ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்கள். அக்கா வலது கையால், தளும்பத் தளும்பக் கோப்பி கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "புண்ணக் காட்டும்மா, பாக்கலாம்" என்று அடுப்படிக்கே வந்துவிட்டார். அங்கே அக்காவும் நானும்தான்.

கட்டை அவிழ்த்தார். மஞ்சளைத் துடைத்தார். கை பூப்போல இருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஐயோ பாவம், நல்லாச் சுட்டிருக்கே" என்றார், கூடத்துக்குக் கேட்கும்படி. துணியைத் திரும்பச் சுற்றினார். தாலிக்கொடியில் கிடந்த ஊக்கை இடது கையால் சட்டென்று கழற்றி, அதே கையால் குத்தினார். பிறகு மெதுவாக, "தாலி ஏறுற வரைக்கும் அவுக்காத. அப்புறம் நம்ம வீட்டு அடுப்படியில யாரு பாக்கப் போறா?" என்றார்.

அன்றே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

எனக்கு அந்த அம்மாளை நினைத்துப் பாவமாக இருந்தது. ரிக்‌ஷா தெருமுனை திரும்பியதும் அம்மாவிடம் சொன்னேன்: "அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலம்மா. ஒண்ணுமே இல்லாத கையப் பாத்துட்டு நல்லாச் சுட்டிருக்குன்னாங்க. ஊக்கக்கூட பீச்சாங்கையாலதான் குத்துனாங்க."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்கா கட்டுப் போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண் தெரியாத மாமியாரிடம் போகப்போகிறாள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது.