விஷுவுக்கு நின்ற ஊற்று

கேரள எல்லையை ஒட்டிய மீனாட்சிபுரத்தில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் செல்லாத்தாள் அக்காவின் தொழுவம். மூன்று கறவை மாடுகள். புருஷன் போன பிறகு அவைதான் அவளுக்குச் சோறு. சொசைட்டிக்குப் பால் கேனைத் தூக்கிக்கொண்டு போகும்போது எதிரில் வருகிற யாரையாவது வம்புக்கு இழுக்காமல் போகமாட்டாள். நான் அதிகம் பேசுவதில்லை. துணி காயப்போடும் சாக்கில் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கிணற்றில் நீர் குறைந்த காலத்தில், அதன் வடக்குச் சுவரில் படுக்கை வாட்டில் துளை போட்டிருந்தாள். சைடு போர் என்போம். பாறைக்குள் இருக்கும் நீர் அது வழியாகக் கிணற்றில் விழும். பிறகு அதே வடக்கில் தென்னந்தோப்பை அழித்து வரிசையாக வில்லாக்கள் கட்டினார்கள். கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள் குடிவந்தன. அவர்களுக்கு ஆழத்தில் போர் போட்ட வருஷமே அக்காவின் சைடு போர் வற்றியது. மாட்டுத் தரகர் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்.

இந்த மாசியில் ஒரு காலை கூவினாள். "அம்மிணி, ஓடி வா! ஊத்துத் தொறந்துருச்சு!"

எட்டிப் பார்த்தேன். சைடு போரிலிருந்து விரல் கனத்துக்கு நீர் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் ஊற்று திரும்பினால் சூடம் காட்டி, முதல் குடத்தைத் தீர்த்தமாக வீடு வீடாகக் கொடுப்போம். அக்காவும் கொடுத்தாள். நானும் கையேந்திக் குடித்தேன். லேசாக வழவழத்தது.

செவலை மாடு மட்டும் தொட்டியில் மூக்கை வைத்து, புஸ்ஸென்று ஊதிவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"ஏன்டி, மகாராணிக்குக் கேன் தண்ணி வாங்கியாரட்டுமா?" என்று அதன் முதுகில் தட்டினாள் அக்கா. தவிட்டைக் கலந்தும் அது குடிக்கவில்லை. அதற்கு மட்டும் பஞ்சாயத்துக் குழாயில் பிடித்து வைத்தாள்.

நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். வேலை நாட்களில் இருட்டு விலகும் முன்பே ஊற்று வேகமாக விழும். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிய பிறகுதான்.

"ஞாயித்துக்கெழமையானா உங்க ஊத்துத் தாமசமா எந்திரிக்குதுங்க்கா," என்றேன்.

"அதுக்கும் லீவு வேணுமல்லோ!" என்று சிரித்தாள்.

விஷுவுக்கு வில்லாக்காரர்களின் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொந்த ஊருக்குக் கிளம்பின. மறுநாள் ஊற்று நின்றுவிட்டது. அக்கா மறுபடி சூடம் காட்டினாள். கார்கள் திரும்பி வந்த மறுநாள் காலையில்தான் நீர் விழுந்தது, வெள்ளை நுரையோடு.

அக்கா நுரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். விறுவிறுவென்று வில்லா கேட்டுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். பீர்மேட்டிலிருந்து வந்த ஏசுரத்தினம் அங்கே வாட்ச்மேன்.

"ஏனுங்க தம்பி, உங்காளுக குளிக்கற தண்ணியெல்லாம் எங்கீங்க போகுது?"

"குளிக்கிறது, கக்கூசு, எல்லாம் பின்னாடி மதில் ஓரத்துக் குழிக்குத்தேன் போகுதுக்கா. எப்பவுமே ரொம்பாத குழி. எடுக்கிறதுக்கு லாரி வந்ததே இல்ல. மொதலாளிக்கு அதுல ஒரு பெருமை!"

அந்த மதிலுக்கு இந்தப் பக்கம்தான் கிணறு. அக்கா முந்தானையால் உதட்டைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"தீர்த்தமுன்னு ஊரெல்லாம் ஊத்துனனே அம்மிணி."

அன்றைக்கே கிணற்றில் ஆளை இறக்கிச் சாக்குச் சுருளால் துளையை அடைத்தாள். மாடுகளுக்கு இனிக் குழாய்த் தண்ணீர்தான் என்றாள். அந்த வாரம் குழாயில் வெறும் காற்றுதான் சீறியது. சாக்கை அடைத்தும் பலனில்லை. சுற்றிலும் இருந்த பாறை இடுக்குகள் கசிந்து, கிணற்றில் நீர் ஏறிக்கொண்டே இருந்தது.

உச்சி வெயிலில் மூன்று மாடுகளும் கத்தின. தரகர் ரோட்டில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடித்தார்.

"குடுக்கறதில்லீங்க, போங்க!" என்று அக்கா உள்ளிருந்தே கத்தினாள்.

பிறகு கிணற்றில் வாளியை விட்டாள். என் பக்கம் திரும்பாமல் தொட்டியில் ஊற்றினாள். செவலை மூக்கை வைத்து ஊதியது. அக்கா அதன் கழுத்துக் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தாள். மாடு திரும்பவில்லை. குனிந்து குடிக்க ஆரம்பித்தது. கயிறு அவள் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது.

மறுநாள் விடியலில் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போனாள். வழியில் யாரையும் வம்புக்கு இழுக்கவில்லை.