நைனாவும் பூஞ்சை பிடித்த லென்சும்

நாங்கள் நைனா என்று கூப்பிட்ட எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். நைனாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார் அம்மா. எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது எரிச்சல்தான். அவரோடு பழகியவர்கள் என்னைத் தப்பாக நினைக்க மாட்டீர்கள்.

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில், ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத குடும்பத்தில் பிறந்தவர் நைனா. சிறு வயதிலேயே பெற்றோர் போய்விட, அவருடைய அக்காதான், அதாவது எங்கள் அத்தைதான், கரும்பு வெட்டப் போய்த் தம்பியைப் பத்தாவது வரை படிக்க வைத்தார். பிறகு புத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் வேலை கற்றுக்கொண்டு, கல்யாணத்துக்குப் பின் சொந்தமாக ஒன்று வைத்தார் நைனா. எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படங்களில் பாதி அவர் எடுத்தவை. நடக்க முடியாதவர்களை வீடு தேடிப் போய் எடுப்பார். காலத்துக்கேற்ப கேமராவை மாற்றினாரே தவிர லென்சை மாற்றவில்லை. அந்தப் பழைய லென்சைப் புதுக் கேமராவில் மாட்ட ஒரு வளையம் வாங்கி வைத்திருந்தார்.

நைனா போவதற்கு முந்தின வருட மழைக்காலத்தில் அந்த லென்சுக்குள் பூஞ்சை பிடித்தது. அதே சமயத்தில் அத்தை கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். பார்க்கப் போன நைனாவிடம், “ஊர்ல எல்லாரையும் புடிச்ச. எனுக்கு மாலை போட ஒரு போட்டோ கீதாடா?” என்று கேட்டார். நைனாவுக்கு முகமே மாறிவிட்டது.

“செல்லுல எடுத்துடலாம் நைனா” என்றேன்.

“அது மூஞ்சிக்கு மாவு பூசினாப்பல காட்டும். எங்க அக்கா மூஞ்சி அது இல்ல. லென்சு ரெடி ஆவட்டும்.”

நான் திருப்பதியில் வேலை பார்ப்பதால் அலைச்சல் என் தலையில் விழுந்தது. ஒரு கடைக்காரர் லென்சைத் தொடக்கூட இல்லை. “புதுசு வாங்குங்க” என்றார். இன்னொருவர் வாரக்கணக்கில் வைத்திருந்து, திறக்காமலே திருப்பிக் கொடுத்தார். நைனாவோ தினமும் போன் செய்து, “இன்னாம்மா ஆச்சு?” என்பார். அத்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். அவரிடம் அதைச் சொல்லவும் முடியவில்லை.

கடைசியில் சித்தூரில் முனிரத்தினம் என்பவர் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். நைனா மாட்டிப் பார்த்துவிட்டு, “ஓரமெல்லாம் மங்கலா கீது” என்றார். மறுபடியும் சித்தூருக்குப் பஸ் ஏறினோம். முனிரத்தினம் பார்த்துவிட்டு, “லென்சு பாகுந்தி சார். உங்க கண்ணத்தான் காட்டணும்” என்றார். கடையே அதிரும்படி நைனா கத்தினார். கேமராவின் சின்னத் திரையில் எனக்கு எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது.

அம்மா அழுது அடம்பிடித்ததால் நைனா கண் டாக்டரிடம் போனார். இரண்டு கண்ணிலும் புரை! ‘அப்பாடா, லென்சுத் தொல்லை தீர்ந்தது’ என்று நினைத்தேன். ஆபரேஷன் முடிந்து கண் தெளிந்ததும் நைனா செய்த முதல் காரியம், சுவரில் செய்தித்தாளை ஒட்டிப் படம் எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டது.

“இப்ப நல்லா தெரியுது பாரு. ஓரமெல்லாம் மங்கல்தான்!”

அவர் சொன்னதே சரியென்று ஆனதில் எனக்கு இன்னும் எரிச்சல். பிரிண்டைப் பார்த்த முனிரத்தினம் லென்சை மறுபடி கழற்றினார். முதல் தடவை உள்ளே ஒரு கண்ணாடியை முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருந்தார்; அதைச் சரிசெய்தார். “தப்பு என்னுதுதான் சார். ஆனா கண்ணு விஷயத்துல நான் சொன்னதும் நிஜந்தான?” என்றார். நைனா சிரித்துவிட்டார். அன்று முதல் இருவரும் சிநேகிதர்கள்.

மறுநாளே அத்தை வீட்டுக்குப் போனோம். அத்தை எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து எடுத்தார் நைனா. கரும்புத் தோகை கீறிய பழைய தழும்புகூட அந்தக் கன்னத்தில் அப்படியே வந்திருக்கிறது. எடுத்து முடித்ததும் அத்தை கையை நீட்டினார். “குடுடா அத. உன்ன யாரு புடிக்கிறது?” பயந்து பயந்து கொடுத்தார் நைனா. படத்தில் நெற்றி பாதி வெட்டுப்பட்டு, சற்றே சாய்ந்து, அவர் வாய்விட்டுச் சிரிக்கும் இந்த அட்டைப்படம் அத்தை எடுத்தது.

சில மாதங்களில், ஒரு மத்தியானம் நைனா ஸ்டுடியோவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்துக் கடைக்காரர்களுக்கும், ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும், கடையை மூடிவிட்டுச் சித்தூரிலிருந்து வந்து காரியம் முடியும்வரை எங்களோடு இருந்த முனிரத்தினம் அண்ணனுக்கும், அடுப்படியைப் பார்த்துக்கொண்ட ஊர்ப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

அத்தை இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். தன் படத்தைச் சுவரில் மாட்ட விடுவதில்லை. தம்பி படத்துக்குத் தினமும் அவர்தான் பூ வைக்கிறார். வைக்கும்போதெல்லாம் திட்டுகிறார்: “மாலை கேட்டது நானு. முந்திக்கினு போய் நீ போட்டுக்கினியேடா!”