வலம் வந்த தண்ணீர்

லடாக்கில் அந்த ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு: யாங்டோலுக்கு நிலம் கடைமடை, வாய் மட்டும் தலைமடை. ஒற்றை வயல் பார்லிதான் அவளுக்கு வருஷத்துச் சோறு. மழையை நம்பினால் மண்ணைத்தான் தின்ன வேண்டும். பனி உருகி வரும் வாய்க்கால்தான் கதி.

மேல்வயல் முத்தூப், அவளுடைய முறை வரும்போதெல்லாம் இடதுகரையைக் குதிகாலால் உடைத்துத் தண்ணீரைத் தன் பட்டாணிக்குத் திருப்பிவிடுவான். கேட்டால், "எலி வளை வெச்சிடுச்சுக்கா!" என்பான்.

யாங்டோல் சண்டை போடவில்லை. பிக்குவிடம் கொடுத்து மந்திரம் செதுக்கிய கல் ஒன்றை, அவன் உடைக்கும் இடத்தில் பயபக்தியோடு வைத்தாள். மந்திரக் கல்லை யார் மிதிப்பார், யார் எடுப்பார்? முத்தூப்பின் கழுதைகூட அதை வலப்பக்கம் விட்டே நடந்தது.

முத்தூப்பும் லேசுப்பட்டவன் அல்ல. "சக்தி வாய்ந்த கல்லு" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்து, தானே ஒரு பெரும்பாறையைக் கொண்டுவந்து வைத்தான். போகிற வருகிறவர்களும் ஆளுக்கொரு கல் போட்டார்கள். குவியல் வளர்ந்து, சரிந்து, வாய்க்காலையே அடைத்துக்கொண்டது. கதிர் பால்பிடிக்கும் நேரம். இந்த முறை தண்ணீர் வராவிட்டால் மிஞ்சுவது பதர்தான். யாங்டோல் நிஜமாகவே பயந்துபோனாள்.

"நாலு கல்லை எடுங்கண்ணே."

"ஐயோ, பாவம்கா! வலப்பக்கமா புது வாய்க்கா வெட்டிக்கோயேன்." வலப்பக்கம் முழுக்கப் பாறை. அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நீர்முறை பார்க்கும் நீர்க்கட்டி வந்தார். ஊரும் கூடியது. கொஞ்ச நேரம் குவியலையே பார்த்துக்கொண்டிருந்த யாங்டோல் திடீரென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வலப்பக்கமா தண்ணி போனா கல்லு அதுக்கு இடக்கைப் பக்கம் வருமே! சாமியை அப்படியா சுத்துறது?"

"தண்ணிக்கு ஏது கையி?" என்று சீறினான் முத்தூப்.

"அப்போ வசந்தத்துல முதல் தண்ணிக்குப் பாலூத்திக் கும்பிட்டீங்களே, அது யாருக்கு?"

கூட்டத்தில் கிழவிகள் தலையாட்டிவிட்டார்கள். கிழவிகள் தலையாட்டினால் நீர்க்கட்டிக்கு வேறு பேச்சு ஏது? புது வாய்க்கால் குவியலுக்கு இடப்புறமாக, முத்தூப்பின் பட்டாணிக்குள்ளேயே போக வேண்டும் என்று முடிவானது. பெரிய பாறை யாருடையதோ அவரே வாய்க்காலை வெட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

முத்தூப் மண்வெட்டியோடு இறங்கினான். தண்ணீர் குவியலை வலம் வந்து பார்லிக்குள் பாய்ந்தபோது யாங்டோலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"கரையை நல்லா அணைச்சுப் போடுங்கண்ணே. எலி வளை வெச்சிடப் போகுது!"