பேப்பர் பெட்டியைத் தள்ளிய தம்பி

எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் கூடிய இடத்தில் பேச்சு வராதவள். சின்னப் பிள்ளைகளைப் பற்றிப் படித்தவர்கள் எவ்வளவோ எழுதியிருக்க, நான் புகுந்து சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டால் மன்னிக்க வேண்டும். கண்ணால் கண்டவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

அப்போது எனக்கு ஆறு வயது, தம்பிக்கு நாலு. மலேசியாவில், கிள்ளான் நகரத்தில், கோயிலை ஒட்டிய மண்டபத்தில் நடந்த பாலர் பள்ளியில் இருவரும் படித்தோம். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் பெரியவர்கள், அந்தப் பக்கம் சின்னவர்கள். அந்தப் பக்கம் எது உடைந்தாலும், யார் அழுதாலும், இந்தப் பக்கம் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

தம்பி கெட்டவன் இல்லை. அவனால் உட்கார முடியாது, அவ்வளவுதான். இன்று இதற்கொரு பெயர் இருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் இதற்கென்றே நிலையங்கள் இருக்கின்றன. அன்று 'வாலு' என்ற ஒரே பெயர்தான். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். சாயங்காலத்துக்குள் அதைக் கழற்றிப் பூனைக்குக் கட்டிவிட்டான். ஒருநாள் கதை நேரத்தில் எழுந்து ஓடி, லோரிகள் போகும் சாலையில் போய் நின்றான். பள்ளியை நடத்திய பெரிய டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி நடந்தால் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது என்றார். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். பகலில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. அன்று அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அதற்கப்புறம்தான் சின்னவர்களின் டீச்சர் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். பழைய பேப்பர் திணித்த மரப்பெட்டி. கதை நேரத்துக்கு முன் தம்பி அதை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை தள்ள வேண்டும். அடுத்த நாள் அங்கிருந்து இங்கே. பெட்டியால் யாருக்கும் எந்த உபயோகமும் இல்லை. எனக்கு அது தண்டனையாகத்தான் தெரிந்தது. தண்டனை வாங்கியவன் ஏன் சிரித்துக்கொண்டே தள்ளுகிறான் என்பதுதான் புரியவில்லை.

ஒருநாள் எங்களைக் கூட்டிப்போக அத்தை வேலை முடிந்து சீக்கிரமே வந்துவிட்டார். வாசலில் நின்று பார்த்தவர், சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்ததும் அவரிடம் கொட்டித் தீர்த்தார்.

"உன் மவன மாடு மாதிரி பெட்டி தள்ள வுடுறாங்கண்ணே! நம்ம அப்பா தோட்டத்துல தூக்குனது பத்தாதா? நீ போர்ட்ல தூக்குறது பத்தாதா? படிக்க அனுப்புனா அங்கயும் கூலி வேலைதானா?"

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். அதிகம் பேசமாட்டார். "நாளைக்கே நிறுத்திடுறேன்" என்று மட்டும் சொன்னார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

காலையில் அப்பா வேலைக்குப் போகாமல் எங்களோடு வந்தார்.

"பையன கூட்டிட்டுப் போறேன் டீச்சர். எங்க குடும்பத்துல தூக்குனவரைக்கும் போதும்லா."

சின்னவர்களின் டீச்சர் கோபப்படவில்லை. "கூட்டிட்டுப் போங்கண்ணே. அவன் கை காலுக்கு முதல்ல வேலை குடுத்தாத்தான் காது தொறக்குது. ஒரு கதை மட்டும் கேட்டுட்டு வரட்டும். நீங்களும் உட்காருங்க."

நான் பலகை இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

தம்பி முழு பலத்தோடு பெட்டியைத் தள்ளினான். கால் வழுக்கியது. மறுபடியும் தள்ளினான். பெட்டி சுவரில் மோதியதும், மூச்சு வாங்க வந்து டீச்சரின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். டீச்சர் அவன் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, ஒரு யானைக் கதையைத் தொடங்கினார். தம்பி அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. முழங்காலில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது, அதைக்கூட விரட்டவில்லை. அவன் என் தம்பிதானா என்றே சந்தேகமாக இருந்தது.

"அப்புறம் யானை என்னா செஞ்சிச்சு டீச்சர்?"

அவன் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அப்பாவைத் தேடினேன். அவர் உட்கார்ந்திருக்கவில்லை. பாதிக் கதையிலேயே எழுந்துபோய், சுவரோரம் கிடந்த சின்ன நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். கதை முடிந்ததும் டீச்சர் அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க எதுவரைக்கும் படிச்சீங்கண்ணே?"

"மூணாவதுலயே தொரத்திட்டாங்க டீச்சர். ஒரு எடத்துல உட்கார மாட்றான்னு."

அப்பா கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைக்காமல் தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அந்தப் பெட்டியிடம் போய்க் குனிந்து, உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் கனமா இருக்கலாம் டீச்சர்" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் இரண்டு முறை நின்றது.

நாற்காலி அடுக்கியதில் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவருக்கு நாலு சின்ன நாற்காலிக்கெல்லாம் மூச்சு வாங்காது என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அப்பா வேலைக்குப் போனார். நானும் தம்பியும் பாலர் பள்ளிக்குப் போனோம். மழை பெய்தது.