டிவிடியில் இருந்த கூடுதல் பக்கங்கள்

என் மகனுக்கு மூன்று வயது முடியப்போகிறது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. திருநெல்வேலியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மேடம் ஒரு டிவிடியைத் தந்து, "ரெண்டு மாசம் வீட்டுல செய்ங்க. அப்புறம் அவனைப் பார்த்துட்டு அடுத்து என்னன்னு சொல்லுதேன்" என்றார். வேறு என்னவோவும் சொன்னார். அவன் என் இடுப்பில் திமிறி அழுததில் பாதி காதில் விழவில்லை. திரும்பக் கேட்டிருக்கலாம். படித்த பெண் இதைக்கூடவா கேட்பாள் என்று நினைத்துவிடுவாரோ என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

குற்றாலத்தில் எங்கள் வீட்டில் ஒரு பழைய டிவிடி பிளேயர் இருந்தது. சித்த மருந்துக்கு ஒரு மண்டலம் இருப்பதுபோல இதற்கும் நாற்பத்தெட்டு நாள் என்று நானே வைத்துக்கொண்டேன். காலையும் மாலையும் அவனைக் குளிப்பாட்டி, நெற்றியில் திருநீறு பூசி, டிவி முன் உட்காரவைத்துப் படத்தைப் போடுவேன். படத்தில் ஒரு அம்மா தன் பிள்ளையிடம் பந்தைக் காட்டி "பந்து" என்பாள். குறுக்கே பேசினால் இவன் கவனம் சிதறும் என்று நான் வாயே திறக்க மாட்டேன். ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

மெனுவின் கடைசியில் 'கூடுதல் பக்கங்கள்' என்று ஒன்று இருந்தது. அழுத்தினால், 'கணினியில் பார்க்கவும்' என்று மட்டும் வரும். பாடப் புத்தகத்தில் கூடுதல் என்று பின்னால் இருப்பது எதுவும் பரீட்சைக்கு வந்ததில்லை. விட்டுவிட்டேன்.

நாற்பத்தோராம் நாளும் அவனிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. நான் வைத்த கணக்கு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அந்தப் பக்கங்களில் ஏதாவது இருந்திருக்குமோ என்று அப்போதுதான் பயம் வந்தது. என் லேப்டாப்பில் டிவிடி போட இடமே கிடையாது. மறுநாள் காலை சாரலில் அவனைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்குப் போனேன். கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் பழைய கணினி இருந்தது.

ஸ்டுடியோக்காரர் போட்டதும் அதே படம்தான் ஓடியது.

"இதுல படம் மட்டும்தாம்மா இருக்கு."

"கூடுதல் பக்கங்கள்னு ஒண்ணு வருதே அண்ணாச்சி."

"அப்பம் படத்தை நிறுத்திட்டு உள்ள போய்ப் பாப்போம்." மவுஸின் வலப்பக்கத்தை அழுத்தித் திறந்தார். மூன்று ஃபோல்டர்கள் தெரிந்தன. "இந்தா, மூணாவதுல கிடக்கு. பிளேயரு படத்தைத்தான் காட்டும், இதைக் காட்டாது."

திறந்தால், படிக்க முடியவில்லை என்று வந்தது. டிவிடியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"எம்மா, பிள்ளைக்குப் பூசுன கையோட இதுக்கும் திருநீறு பூசிட்டியளா?"

ஓரம் முழுக்க என் விரல் தடங்கள், வெள்ளையாக. மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்துப் போட்டார். திறந்தது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது:

'இந்தப் படம் பெற்றோர் பார்த்துக் கற்றுக்கொள்வதற்கு. குழந்தைக்குப் போட்டுக் காட்ட வேண்டாம். முகத்துக்கு நேரே உட்கார்ந்து நீங்கள் பேசுங்கள். ஒரு சொல்லைச் சொன்ன பிறகு, பத்து எண்ணும்வரை பேசாமல் காத்திருங்கள்.'

மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, வேண்டாம்னா போட்டிருக்கு?"

"வேண்டாம்னுதாம்மா போட்டிருக்கு. ஏன்?"

எண்பத்திரண்டு தடவை. எண்பத்திரண்டு தடவையும் அவனுக்குப் பக்கத்திலேயே, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். அவன் பேசாததற்கு நானே காரணமோ? மேடத்திடம் இதை எப்படிச் சொல்வேன்? ஸ்டுடியோக்காரர் பக்கங்களை அச்செடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவனை என் பக்கம் பார்க்க மடியில் உட்காரவைத்தேன். ஜன்னலில் நீர் வழிந்தது. "மழை" என்றேன். எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு.

கண்டக்டர் வந்து நின்றார். "எங்கன இறங்கணும்மா?"

மூன்று, நான்கு.

"எம்மா, உங்களத்தான் கேக்கேன். ஏன், பேச மாட்டியளா?"

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகம் சுட்டது. ஐந்து, ஆறு. மகனின் கண்கள் ஜன்னலை விட்டு என் உதட்டுக்கு வந்திருந்தன. கண்டக்டரிடம், கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன்.

ஏழு.