ஆயில் பம்புக்குப் போன வாசலின்

நீலகிரி மலையில் கிளென்மார்கன் பக்கம் உறைபனி விழும் மாதங்களில் எனக்குக் கன்னம் இரண்டும் வெடித்துவிடும். சிரித்தால் ரத்தம் கசியும். அதனால் வீட்டுக்கென்று வாங்கிய வாசலின் டப்பாவை என் சொந்தச் சொத்தாக்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கொழுந்து பறித்து விரலெல்லாம் வெடித்துக் கிடந்த அம்மாகூட என்னைக் கேட்டுத்தான் தொட வேண்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஈவிரக்கம் கொஞ்சம் குறைவு.

அப்பா பழைய கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம், ஆஸ்பத்திரி என்று அவரைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் எஸ்டேட் ஆட்கள். தேயிலை விலை விழுந்து, ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓட ஆரம்பித்ததும், ஆஸ்பத்திரிக்குக்கூட ஜனங்கள் பஸ்ஸில் போனார்கள். அந்த நேரம் பார்த்துக் காரும் மக்கர் பண்ணியது. எஞ்சினுக்குள் ஆயில் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. அப்படியே ஓட்டினால் எஞ்சின் போய்விடும் என்று அப்பா காரை வாசலில் நிறுத்திவிட்டார்.

ஊட்டி காந்தலில் மெக்கானிக்காக இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் சுற்றிய ஆயில் பம்போடு வந்து இறங்கினார்.

"மச்சான், இது ஒரிஜினல் இல்லீங்க, லோக்கல் மேக். எத்தன நாளைக்கு வரும்னு சொல்ல முடியாதுங்க."

"கீழ எறங்கற வரைக்கும் வந்தாப் போதும்," என்றார் அப்பா.

அப்பாவின் கஞ்சத்தனம் எனக்கு வெட்கமாக இருந்தது.

மாமா காருக்கடியில் படுத்து, ஆயிலை வடித்து, பழைய பம்பைக் கழற்றினார். புதுப் பம்பு காய்ந்து கிடப்பதால் முதல் தடவை ஆயிலை இழுக்காதாம். உள்ளே பல்சக்கரங்களுக்கு நடுவே வாசலினை அடைத்துவிட்டால் இழுத்துக்கொள்ளுமாம். அம்மா நேராகப் போய் என் தலையணையைத் தூக்கினாள். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"இனி உனக்கு அது வேண்டியிருக்காது கண்ணு," என்றாள்.

அவள் குரலில் என்னவோ இருந்தது, விட்டுவிட்டேன். மாமா விரலால் அடிவரை வழித்தெடுத்தார். எனக்கு அவர்மேல் ஆத்திரமான ஆத்திரம்.

பம்பை மாட்டி, ஆயில் ஊற்றி, வண்டியைக் கிளப்பியதும் சிவப்பு விளக்கு கொஞ்ச நேரம் எரிந்து அணைந்தது. நான் கை தட்டினேன். அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

பொங்கல் லீவுக்குத் திருப்பூரில் சித்தி வீட்டுக்குப் போகிறோம் என்றார்கள். காரில் பாய், பானை, அம்மிக்கல் எல்லாம் ஏறின. லீவுக்குப் போகிறவர்கள் அம்மியை ஏன் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து, அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் சிவப்பு விளக்கைக் காவல் காத்தேன். மேட்டுப்பாளையம் வரை அது எரியவே இல்லை. என் வாசலின் வேலை செய்கிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

லீவு முடிந்தது. நாங்கள் திரும்பிப் போகவில்லை. அம்மா பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள், என்னைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஒருநாள் காலையில் தலை சீவும்போது கண்ணாடியில் பார்த்தேன். எதுவும் பூசாமலே கன்னம் இரண்டும் ஆறி வழவழவென்று இருந்தன. சிரித்துப் பார்த்தேன், வலிக்கவில்லை. பிறகு எதற்காக அழுகை வந்தது என்று அன்றைக்குத் தெரியவில்லை.