ஏரியில் நின்றவரிடம் ஒரு கையெழுத்து

நர்ஸ் பயிற்சிப் பள்ளி ஆசிரியை ராணியம்மாளிடம் தலைவலி என்று போனாலும் சரி, கல்யாணம் என்று போனாலும் சரி, ஒரே மருந்துதான்: "மேல படி." இந்த இரண்டு வருஷத்தோடு நிறுத்தினால் ஆயுசுக்கும் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான் என்பார். மாணவிகள் தலையாட்டிவிட்டுக் கல்யாணம் பண்ணிக்கொள்வார்கள்.

பவளம் மட்டும் அதை நிஜமாகவே கேட்டுவிட்டாள். சென்னையில் மூன்று வருஷப் படிப்புக்கு விண்ணப்பம் தயார். அப்பா வேதாசலத்தின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. சாயங்காலத் தபாலில் போகாவிட்டால் அவ்வளவுதான். மகள் கேட்டால் தட்டிக்கழிப்பார் என்று ராணியம்மாளே அவள் ஊரான சாலவாக்கத்துக்கு பஸ் ஏறினார். வெள்ளைப் புடவை, கக்கத்தில் ஃபைல், கையில் பேனா.

அது எழுபத்தாறாம் வருஷம். கருத்தடை ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று ஊர் ஆம்பிளைகள் கிலி பிடித்துக் கிடந்த நேரம். ஊருக்கே பாடம் நடத்துகிற அம்மாவுக்கு அது தோன்றவில்லை.

"வேதாசலம் வீடு எது? ஒரு கையெழுத்து வாங்கணும்."

டீக்கடை பெஞ்சு காலியானது. வேதாசலம் ஓடிப்போய் ஏரியில் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டார்.

"ஏறி வரமாட்டாருங்க சிஸ்டர்," என்றாள் அவர் மனைவி ஆதிலட்சுமி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "போன மாசம் ஜீப்பு சத்தம் கேட்டு ராவு வரைக்கும் அங்கியேதான் நின்னுக்கினு இருந்தாரு."

ராணியம்மாள் கரையில் நின்று கத்தினார். "உங்க பொண்ணு படிப்பு விஷயமா வந்திருக்கேன்!"

"என் மச்சானுக்கு ரேடியோ தரேன்னுதான் இட்டுக்கினு போனாங்க!"

"மூணு வருஷம் படிச்சா பெரிய ஆஸ்பத்திரியில வேலை! தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க!"

"அது கெடக்கட்டும். என்னை இன்னா பண்ணுவீங்க? அத்த சொல்லுங்க!"

"உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன்யா!" வகுப்பில் ஒருநாளும் கேட்காத குரல்.

"எயுதிக் குடுங்க."

எழுதினார். 'வேதாசலத்துக்கு எந்த ஆபரேஷனும் செய்ய மாட்டேன்.' கீழே தன் கையெழுத்து. வேதாசலம் முழங்கால் தண்ணீர் வரை வந்து, எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தார்.

"அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்க இந்தப் பக்கம் வர வேலை கீதா?"

"இல்ல."

"அதுக்கு மேலயும் படிப்பு கீதா?"

இத்தனை வருஷத்தில் ராணியம்மாளிடம் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"இருக்கு. இன்னும் ரெண்டு வருஷம்."

"அப்ப அதுக்கும் சேத்து இப்பவே குடுங்க," என்று கரையேறி, ஆதிலட்சுமியின் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார் வேதாசலம்.